பார்த்ததை மட்டும் எழுதவும்

குன்னூர்
1943 ஜூலை 4

அன்புள்ள அவர்களுக்கு,

சகாயம் எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். மலை ரயிலில் வாந்தி எடுத்ததைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை.

நீங்கள் ஆவடி ஸ்டேஷனுக்கு வராததால் ஜட்காக்காரர் பரந்தாமன்தான் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். "இன்னா டீச்சரம்மா, வாத்தியாரு வர்லியா?" என்று கேட்டார். உங்களுக்கு ஜுரம் என்று சொல்லிவிட்டேன். அவர் எதிரே வந்தால் கொஞ்சம் இருமி வையுங்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வாரமாக நீங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை ஊருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பயிற்சிக்கு நான் மனுப் போடவில்லை. பங்குச் சாமியார்தான் என் பெயரை எழுதி அனுப்பினார். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இது கன்னியர் மடத்துப் பள்ளி. இங்கே படிக்கிற பிள்ளைகள் ஒரு தேசத்துப் பிள்ளைகள் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் பிள்ளைகள், ஒரு கிரேக்க வியாபாரியின் இரட்டைப் பெண்கள், சீனாக்காரப் பிள்ளைகள், சண்டைக்குப் பயந்து பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து வந்த பிள்ளைகள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். தாய் தகப்பனை வழியில் பறிகொடுத்தவர்களும் உண்டு. இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது, அதைவிட முக்கியமாக எப்படிக் கேட்பது என்பதுதான் ஐந்து மாதப் பாடம். சொல்லித்தருகிறவர் சிஸ்டர் உர்சுலா, ஐரிஷ்காரர். தமிழை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுகிறார்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரில் இருக்கும் சக ஆசிரியர் அந்தப் பிள்ளையைக் கவனித்து அறிக்கை அனுப்ப வேண்டும். அதை இங்கே எல்லார் முன்னாலும் வாசிப்போம். மற்றவர்கள் குற்றம் குறை சொல்வார்கள். விதி ஒன்றே ஒன்றுதான். பார்த்ததை மட்டும் எழுதவும், நினைத்ததை எழுதக் கூடாது.

நான் என் மூன்றாம் வகுப்பு ஜம்புலிங்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஆவடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, மோர் விற்க வரும் அத்தை எல்லம்மாவோடு காலையில் வருவானே, அவன்தான். கதவோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். கொஞ்ச நாளாக வாயே திறப்பதில்லை. ஏன் என்று தெரிந்துகொள்வதற்குள் நான் கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

உங்களைத் தவிர யாரைக் கேட்பேன்?

சகாயம்


பூந்தமல்லி
1943 ஜூலை 15

அன்புள்ள சகாயம்,

சேசு மரி சூசை துணை. இவ்விடம் யாவரும் சுகம். யாவரும் என்றால் நான்.

நீ சொல்லிவைத்த ஜுரத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பரந்தாமன் தெரு முழுக்கப் பறைசாற்றிவிட்டான். அடுத்த வீட்டுக் கன்னியம்மாள் ஒரு செம்பு நிறைய நிலவேம்புக் கஷாயம் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "மூஞ்சைப் பாத்தாலே தெர்தே, எத்தினி நாளா ஜொரம்?" என்று வேறு கேட்டாள். இல்லாத ஜுரத்துக்குக் கஷாயம் குடித்த முதல் வாத்தியார் நானாகத்தான் இருப்பேன்.

கேட்பதற்கு ஐந்து மாதப் படிப்பா? இருபது வருஷத்துக்கு மேலாக நான் வகுப்பில் சொல்லிவருவது, "காதைத் திறந்து வைத்துக் கேளடா" என்பதுதான். அதற்கு யாரும் என்னை மலைக்கு அனுப்பவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. செகண்டரி டிரெயினிங் முடித்த சீனியர் ஆசிரியர் ஒருவன் இங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்க, சாமியார் உன்னைத் தேர்ந்தெடுத்தது அவர் இஷ்டம். வருத்தம் இல்லை என்று மறுபடியும் எழுதுகிறேன்.

உன் வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு வகுப்புக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் பூகோளம் என்று பொம்மலாட்டக்காரன்போல இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட அறிக்கை: ஜம்புலிங்கம், மூன்றாம் வகுப்பு. வந்தான். கதவோரம் உட்கார்ந்தான். பேசவில்லை. மணி அடித்ததும் போனான்.

பார்த்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

இக்னேஷியஸ்


குன்னூர்
1943 ஜூலை 27

அன்புள்ள அவர்களுக்கு,

உங்கள் அறிக்கையை வாசித்தேன். வாசிக்க ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு எனக்கே கஷ்டமாக இருந்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "இவர் பையனைப் பார்க்கவில்லை, வருகைப் பதிவைத்தான் பார்த்திருக்கிறார்" என்றார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்கச் சொன்னதை எழுதுகிறேன். அவன் யாரோடு சாப்பிடுகிறான்? சும்மா இருக்கும்போது கைகள் என்ன செய்கின்றன? மணி அடித்ததும் ஓடுகிறானா, தயங்குகிறானா? யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்கிறானா?

எனக்கும் இங்கே ஒரு பிள்ளையை ஒப்படைத்திருக்கிறார்கள். பெயர் ராணி. ரங்கூனில் மர ஆலையில் வேலை பார்த்த தமிழர் ஒருவருடைய மகள். எட்டு வயதிருக்கும். நடந்து வருகிற வழியில் தாய் போய்விட்டாள், தகப்பன் என்ன ஆனான் என்று தெரியாது. வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தினம் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். பேச வைக்க முயலக் கூடாது, உட்கார்ந்தால் போதும் என்பது கட்டளை. ஒரு வேலையும் செய்யாமல் ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்காருவது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. கை பரபரக்கிறது. தலை வாரிவிடலாமா, பொத்தானைத் தைக்கலாமா என்றே தோன்றுகிறது.

குளிர் எலும்பு வரை போகிறது. பயிற்சிக்கு வந்த ஆண்கள் பஜாரில் தங்குகிறார்கள், பெண்கள் மடத்துக் கூடத்தில். எங்கள் கூடத்தில் கட்டில்கள் வரிசையாகக் கிடக்கின்றன. மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று எல்லாம் கேட்கிறது. பூந்தமல்லிப் பேச்சு மட்டும் கேட்கவில்லை. "கீது" என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன், ஒருத்தி கீதம் பாடச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே. யாவரும் சுகம் என்றால் எனக்குப் போதாது.

சகாயம்


பூந்தமல்லி
1943 ஆகஸ்ட் 10

அன்புள்ள சகாயம்,

உன் சிஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல். வருகைப் பதிவைப் பார்த்தேனாம்! இனி அந்தப் பேச்சுக்கு இடம் இருக்காது. முழு அறிக்கை இதோ:

பையன் மணி அடித்ததும் ஓடுவதில்லை. மற்ற எல்லாரும் போன பிறகும் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்குப் போக அவனுக்கு அவசரம் இல்லை. கஞ்சியை நின்றுகொண்டே குடிக்கிறான். உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் எதிரில் ஒருவர் இருக்க வேண்டும் என்று நினைக்கிறான்போலும். (இது நினைத்தது, அடித்துவிடு.) சும்மா இருக்கும்போது கைக்குட்டையை நான்காக மடித்துக் கழுத்துப் பட்டிக்குள் செருகிக்கொள்கிறான், எடுக்கிறான், மறுபடி செருகுகிறான். சட்டைப் பையில் ஒரு காகிதம் வைத்திருக்கிறான். எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொள்கிறான். என்ன காகிதம் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அவன் மட்டும் கோயில் மதில் மேல் உட்கார்ந்து, கடைசி ஆள் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

கன்னியம்மாள் கீரைக்கூடையோடு அந்தப் பக்கம் வந்தவள், "இன்னா, தானா பேசிகினு கீறே?" என்று கேட்டாள். அவன் மதிலிலிருந்து இறங்கி நடந்தான். யாராவது கூப்பிட்டால் உடனே திரும்புகிறானா என்று கேட்டாய். திரும்புகிறான். ஆனால் கூப்பிட்ட ஆளைப் பார்த்ததும் முகம் விழுந்துவிடுகிறது. வேறு யாரையோ எதிர்பார்த்தவன்போல.

மற்றபடி நான் சுகம். அரிசி கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓயாமல் போகின்றன. அதைப் பற்றி அதிகம் எழுதினால் தணிக்கைக்காரர் கறுப்பு மை பூசிவிடுவார்.

இக்னேஷியஸ்


குன்னூர்
1943 ஆகஸ்ட் 24

அன்புள்ள அவர்களுக்கு,

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பெல்லாரியிலிருந்து வந்த டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிஸ்டர் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். "இதை எழுதியவருக்குப் பார்க்கத் தெரியும்" என்றார்.

ஜம்புலிங்கம் பூசைக்கு வருகிறான் என்பது எனக்குப் புதிய சேதி. அவன் அப்பா அய்யாசாமி ஆடி மாதம் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். மூன்றாம் வகுப்புப் பையன் சட்டைக்குக் கழுத்துப் பட்டி இருக்கிறது என்பதும் புதிது. அவனுக்குச் சட்டையே இருந்து நான் பார்த்ததில்லை. கைக்குட்டையை நான்காக மடித்துக் கழுத்தில் செருகுகிற ஒருவரைத்தான் பூந்தமல்லியில் எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அந்தக் கைக்குட்டையைத் துவைக்கிறவள் நான்.

சிஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஆகவே, அந்தப் பையனிடம் நான் கேட்டதாகச் சில கேள்விகளைக் கேட்டு எழுதுங்கள். அவனுக்கு யார் மேல் கோபம்? டீச்சர் ஊருக்குப் போன அன்று அவன் ஏன் வரவில்லை? உட்கார்ந்து சாப்பிட அவனுக்கு என்ன வேண்டும்?

இன்னொரு விஷயம். பயிற்சி முடிந்ததும் இங்கேயே ஒரு வேலை இருக்கிறது என்கிறார் சிஸ்டர். பாடம் எடுப்பது இல்லை, விடுதி வேலையும் இல்லை. பிள்ளைகளோடு பேசுவதற்கென்றே ஒரு ஆள், யுத்தம் முடியும் வரை. ராணி மற்றவர்கள் வந்தால் எழுந்து போய்விடுகிறாள், நான் வந்தால் போவதில்லையாம். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சகாயம்


பூந்தமல்லி
1943 செப்டம்பர் 6

அன்புள்ள சகாயம்,

பையனிடம் கேட்டேன். பிடிவாதக்காரன், லேசில் வாய் திறக்கவில்லை. கடைசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

டீச்சர் மேல் கோபம் இல்லையாம். சாமியார் மேல் இருந்தது, அதுவும் போய்விட்டதாம். அத்தனை வருஷம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, நீ எழுந்திரு, இன்னொருவருக்கு இடம் கொடு என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று என்னைத் திருப்பிக் கேட்டான். அந்த இன்னொருவர் தனக்கு வேண்டியவராக இருந்தால் இன்னும் மோசமாம். மற்றவராக இருந்தால் வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

டீச்சர் போன அன்று அவன் வந்திருந்தானாம். ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் நின்றானாம். வண்டி நகர்ந்தபோது டீச்சர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி யாரையோ தேடியதைப் பார்த்தானாம். கையைத் தூக்குவதற்குள் வண்டி போய்விட்டதாம். வீடு வரை நடந்தே திரும்பினானாம்.

உட்கார்ந்து சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டதற்கு என்னை முறைத்துப் பார்த்தான்.

பேசுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் கன்னியம்மாள் இந்நேரம் மாளிகை கட்டியிருப்பாள். அந்த வேலையைப் பற்றி வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ ஒன்றும் பதில் சொல்லவில்லை என்றாய். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இக்னேஷியஸ்


குன்னூர்
1943 செப்டம்பர் 20

அன்புள்ள அவர்களுக்கு,

கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் நின்றீர்களா! இந்தக் கடிதத்தை நான் வகுப்பில் வாசிக்கவில்லை. தேயிலைச் சரிவில் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன். மனிதர் கையைத் தூக்க அவ்வளவு நேரமா ஆகும்?

ஆனால் இன்று வகுப்பில் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பூந்தமல்லிப் பையன் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தீர்களா?" எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜம்புலிங்கம் எங்கே?

அவன் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தால் நீங்கள் அவனைப் பற்றியே எழுதியிருப்பீர்கள். உங்களுக்கு வேறு என்ன குறை இருந்தாலும், கண்முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை இல்லை என்று சொல்கிறவர் இல்லை. அவன் வரவில்லை. வராததை நீங்கள் எழுதவில்லை. பூசைக்கு வரும் பையன் யார் என்று கண்டுபிடித்த நானும், அப்படியானால் நிஜப் பையன் எங்கே என்று கேட்கவில்லை. நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு பையன் கிடைத்தான் என்று சந்தோஷப்பட்டுவிட்டோம். அவன் பெயரை எடுத்துக்கொண்டு ஆளைத் தொலைத்துவிட்டோம்.

நான் மலையில் இருக்கிறேன். நீங்கள்தான் போக வேண்டும். அவனைக் கண்டுபிடியுங்கள். அதுவரை எனக்கு அந்தப் பையனைப் பற்றியும் எழுத வேண்டாம், இந்தப் பையனைப் பற்றியும் எழுத வேண்டாம்.

சகாயம்


பூந்தமல்லி
1943 அக்டோபர் 15

அன்புள்ள சகாயம்,

பார்த்தேன். எழுதுகிறேன்.

நீ போன இரண்டாவது வாரத்திலேயே அவன் நின்றுவிட்டான். அத்தை எல்லம்மாவும் மோர்ப்பானையோடு வருவதை நிறுத்திவிட்டாள். விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் பையன் இல்லை என்று எழுதினால் அறிக்கை இல்லை, அறிக்கை இல்லையென்றால் நீ எனக்கு எழுத ஒரு காரணமும் இல்லை. அந்தப் பயத்தில்தான் செய்தேன். வேறு சமாதானம் என்னிடம் கிடையாது.

சனிக்கிழமை பரந்தாமன் வண்டியில் ஆவடிப் பக்கம் போனேன். அவர்கள் கிராமம் இருந்த இடத்தில் முள்வேலி. உள்ளே பட்டாளத்துக் கொட்டகைகள். காவல்காரன் என்னைப் பார்த்து இந்துஸ்தானியில் ஏதோ கத்தினான். பரந்தாமன், "வா சாரே, சுட்டுடப் போறான்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். பட்டாபிராமில் சரக்கு வண்டிகள் நிற்கும் சைடிங் பக்கம் குடிசை போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அங்கே போனோம். அய்யாசாமி ரயில் பெட்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஊடும் பூட்ச்சி, கொல்லையும் பூட்ச்சி சாரே. துட்டு குட்த்தாங்கோ, வாங்கினதெல்லாம் வயித்துக்கே பூட்ச்சி. இப்ப மூட்டை தூக்கிகினு கீறேன். இவன் எங்க படிக்கிறது?" என்றார்.

"பையன் எங்கே?" என்றேன்.

"வேலியாண்ட குந்திகினு இருப்பான். சோத்துக்குக் கூப்ட்டாக் கூட வர்றதில்ல. நீயாச்சும் இன்னான்னு கேளு."

மறுபடி வேலிக்கு நடந்தேன். அவன் இருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் சிஸ்டர் சொன்ன முறை என்று நினைத்துக்கொள்ளாதே, கால் வலி தாங்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை, மூச்சு வாங்கியது. ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டான், அழித்தான், போட்டான். வெயில் சாய்ந்தது. அப்புறம் அவனாகவே கையை நீட்டினான்.

"அதோ, அந்தக் கொட்டா கீதே, அங்க தான் எங்க கெணறு. ஆமை கீது உள்ள. மேல மண்ணு கொட்டிட்டாங்கோ சார்."

"ஆமையை எடுக்கவில்லையா?"

"எட்க்க உட்ல."

அவ்வளவுதான் பேசினான். நிலத்தை அளக்க ஆட்கள் வந்த நாளிலிருந்தே ஊர் போகப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அய்யாசாமி பிறகு சொன்னார். நம் வகுப்புக் கதவோரம் உட்கார்ந்து அவன் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் திசையைத்தான், சகாயம். வாய்ப்பாடு தெரியாததற்கு நான் ஒரு நாள் அவனைக் கதவோரத்திலிருந்து எழுப்பி மூலையில் நிற்க வைத்தேன்.

அய்யாசாமியின் மைத்துனர் திருமழிசையில் இருக்கிறார். பையனை அங்கே விட்டால் பள்ளிக்கு நடந்து வந்துவிடலாம் என்று பேசி முடித்திருக்கிறேன். திங்களிலிருந்து வருகிறான். கதவோரம்தான் உட்காருகிறான். நான் என் நாற்காலியையும் கதவோரம் நகர்த்திவிட்டேன்.

இக்னேஷியஸ்


குன்னூர்
1943 நவம்பர் 14

அன்புள்ள அவர்களுக்கு,

உங்கள் அறிக்கையை எழுந்து நின்று வாசித்தேன். முன்னே அனுப்பிய அறிக்கை வேறு ஒருவரைப் பற்றியது என்றும் சொல்லிவிட்டேன். யாரைப் பற்றி என்று சிஸ்டர் கேட்கவில்லை. என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது. "அந்த இன்னொரு பையனை யார் கவனிக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். மாதக் கடைசியில் எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள். வேலை விஷயமாக வெள்ளிக்கிழமைக்குள்ளாவது பதில் சொல் என்று சிஸ்டர் கேட்டார். உங்களை எழுதிக் கேட்க வேண்டும், தபால் வர நாளாகும் என்று தவணை வாங்கியிருக்கிறேன்.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. வாழ்நாளில் முதல் தடவையாக, எனக்கென்று ஒன்று கைவருகிறது என்று தெரிகிறது. ராணி இன்னும் பேசவில்லை. ஆனால் போன வாரம் மழையில் இடி இடித்தபோது வந்து என் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். விடவே இல்லை. பெட்டி கட்டுகிற டீச்சர்களை அவள் ஒவ்வொருவராகப் பார்க்கிறாள். பிறகு என் கட்டிலுக்கு அடியில் குனிந்து என் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

அதே சமயம் நீங்கள் நின்றுகொண்டே கஞ்சி குடிப்பதும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. சோறு இறங்குவதில்லை எனக்கு. நமக்குப் பிள்ளை இல்லாத வீடு. நீங்கள் வாயடித்துக்கொண்டும் நான் அதட்டிக்கொண்டும் இருந்ததால்தான் அது வீடாக இருந்தது. இங்கே கன்னியர் மடத்தில் ஆண்பிள்ளைக்கு வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை, அதனால் உங்களையும் இங்கே வாருங்கள் என்று சொல்ல வழியில்லை.

என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நான் உங்கள் மனைவி, உங்களிடம் கேட்கிறேன். "வா" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். மறு வண்டியில் வந்துவிடுகிறேன். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்ட மாட்டேன், சத்தியம். அந்தப் பையன் சொன்னான், இந்தப் பையன் சொன்னான் என்று எழுதாதீர்கள். நீங்கள் எழுதுங்கள்.

சகாயம்


பூந்தமல்லி
1943 நவம்பர் 23

அன்புள்ள சகாயம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்திலேயே பிரித்துப் படித்தேன். ஜம்புலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சரு வர்றாங்களா சார்?" என்றான். தெரியாது என்றேன்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் "வா" என்று எழுதினேன். ஒரு முறை "உடனே வா" என்றும் எழுதினேன். ஒன்றையும் தபாலில் போடவில்லை.

நீ என்னையே எழுதச் சொன்னாய். நான்தான் எழுதுகிறேன். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. காலையில் எழுந்ததும் சமையல் கட்டில் சத்தம் கேட்கிறதா என்று காது போகிறது. நேற்று, "உப்பு அதிகம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சமைத்தவன் நான், சொன்னவன் நான், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கன்னியம்மாள், "தண்ணி ஊத்திக்க சாரே" என்றாள். நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு அடங்கியதும் வீடு இருந்த நிலையை எப்படிச் சொல்வது? இத்தனை வருஷத்தில் உன்னிடம் இப்படி ஒரு தடவைகூட நான் பேசியதில்லை. நீ போன பிறகுதான் பேச வருகிறது, என்ன செய்ய.

சாமியார் என்னையே அங்கே அனுப்பியிருந்தாலும் நான் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டேன். இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது, இருந்தாலும் உண்மை. அவர் சரியான ஆளைத்தான் அனுப்பினார்.

நான் யோசித்தது இதுதான். எனக்கு நாற்பத்தைந்து வயது. வாய் இருக்கிறது, பேனா இருக்கிறது, கஞ்சி காய்ச்சவும் வந்துவிட்டது. கதவோரம் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவனை விட்டு நானும் எங்கும் நகர முடியாது. உன்னிடம் இருக்கிற குழந்தைக்கு உன் முந்தானை நுனியைத் தவிர ஒன்றும் கிடையாது. நீ யாருக்கு வேண்டும் என்று கேட்டால் இரண்டு பேருக்கும்தான். யாரால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று கேட்டால், என்னால்தான் முடியும்.

வராதே, சகாயம். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திரு. அவள் குனிந்து பார்க்கும்போதெல்லாம் அது அங்கே இருக்கட்டும்.

மே மாதம் பள்ளி மூடியதும் நான் மலைக்கு வருகிறேன். மடத்தில் இடமில்லாவிட்டால் பஜாரில் எங்காவது தங்கிக்கொள்கிறேன். நீ அங்கேயே இருக்கிறாய் என்று சாமியாரிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன், இனி மாற்றிப் பேச முடியாது.

எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். வகுப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இனி இதைக் கொண்டுபோய்த் தபாலில் போட வேண்டும். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போக வேண்டும்.

இக்னேஷியஸ்